எம்இ7சம்: கூட்டல் கணக்கைச் சரிசெய்யும் கருவி

போஷ் நிறுவனத்தின் மோட்ரானிக் எம்இ7 இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபோக்ஸ்வேகன், ஆடி பெட்ரோல் கார்களில் பரவலாக இருந்தது. 1.8 லிட்டர் டர்போ எஞ்சினையும் ஆடி எஸ்4-இன் 2.7 லிட்டர் இரட்டை டர்போவையும் இயக்கியது இதுதான். அதன் ஃபிளாஷ் சிப்பிலிருந்து எடுத்த ஃபைலில் ஒரே ஒரு எண்ணை மாற்றினாலும், ஃபைல் பிழையின்றி உள்ளதா என்று சரிபார்க்கும் எண்ணான செக்சம் பொருந்தாமல் போகும். அப்படியே திருப்பி ஏற்றினால் பி0601 என்ற பிழைக்குறி விழலாம். வண்டி ஸ்டார்ட்டே ஆகாமலும் போகலாம். இதைச் சரிசெய்ய இலவசமாகக் கிடைக்கும் திறமூல நிரல் எம்இ7சம்.

அடிப்படையில் செக்சம் என்பது வெறும் கூட்டல்தான். ஒரு பகுதியின் பைட்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, 16 பிட் எண்களாகக் கூட்டி, தொகையை ஃபைலுக்குள்ளேயே எழுதி வைத்திருப்பார்கள். கூடவே அதன் தலைகீழ் எண்ணும் இருக்கும்: 0 இருந்த பிட்டில் 1, 1 இருந்த பிட்டில் 0. தொடக்க முகவரி, முடிவு முகவரி, தொகை, தலைகீழ் எண் ஒவ்வொன்றுக்கும் 4 பைட் வீதம் ஒரு பதிவுக்கு 16 பைட். இப்படிப் பல பதிவுகள் வரிசையாக நிற்கும்.

எடுத்துக்காட்டாக, இக்னிஷன் டைமிங் மேப் என்ற அட்டவணையில் ஓர் அலகு 0.75 டிகிரி. ஒரு கட்டத்தில் டைமிங்கை 3 டிகிரி கூட்டினால் அந்த பைட்டின் மதிப்பு 4 ஏறும். பைட் இரட்டைப்படை முகவரியில் இருந்தால் தொகையும் 4 ஏறும். ஒற்றைப்படை முகவரி என்றால் அது 16 பிட் எண்ணின் மேல்பாதி. அப்போது தொகை 1024 ஏறும். தலைகீழ் எண் அதே அளவு இறங்கும். இதைக் கையாலேயே திருத்தலாம்தான். ஆனால் எந்தக் கட்டம் எந்தப் பதிவில் அடங்கும் என்று தேடியே பொழுது போய்விடும். போதாக்குறைக்கு முதன்மைச் செக்சம் ஒன்று தனி. சில பதிப்புகளில் சிஆர்சி32 என்ற இன்னொரு வகைச் சரிபார்ப்பு வேறு.

எம்இ7சம்மில் பட்டன், மெனு எதுவும் கிடையாது; கட்டளை வரியில்தான் வேலை. ஒரு ஃபைல் பெயர் மட்டும் கொடுத்தால் சோதித்துப் பிழைகளைச் சொல்லும். இரண்டாவது பெயரும் கொடுத்தால் திருத்திய பிரதியை அதில் எழுதும். மூல ஃபைல் அப்படியே இருக்கும். செக்சம் இருக்கும் இடங்களை நிரல் தானே தேடிப் பிடிக்கிறது என்பதுதான் இதன் பெரிய பலம். வின்ஓஎல்எஸ் போன்ற வணிக மென்பொருளில் மேப்பைத் திருத்துவதும் செக்சம் பார்ப்பதும் ஒரே இடத்தில் முடியும். ஆனால் அதன் செக்சம் தொகுதிகளைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒரே ஒரு பழைய காரை வைத்திருப்பவருக்கு அது அதிகப்படி.

செக்சம் சரியாக இருந்தால் மேப்பும் சரி என்று ஆகாது. 12 டிகிரி வேண்டிய இடத்தில் 21 என்று எழுதினாலும் நிரல் மறுபேச்சில்லாமல் கூட்டிக் கொடுத்துவிடும். நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்து அடி வாங்குவது பிஸ்டன்தான். பின்னால் வந்த எம்இடி17, இடிசி17 இசியுக்களில் இந்தக் கருவிக்கு வேலையில்லை.

திருத்திய ஃபைலை, சோதிப்பதற்கென்றே உள்ள எம்இ7செக் நிரலிலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகே ஏற்றுவது நல்லது. அதையும் மீறித் தவறான ஃபைல் ஏறிவிட்டால் இசியுவின் மூடியைத் திறந்து, ஃபிளாஷ் சிப்பின் 24ஆம் காலை எர்த் செய்தபடி மின்சாரம் கொடுத்து, பூட் மோடில்தான் பழைய ஃபைலை மீட்க வேண்டியிருக்கும்.