இயாகோவின் வஞ்சனை

1604ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசவையில் நடிக்கப்பட்ட சேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ'விலே தீமையின் உருவாக அமைபவன் இயாகோ. அவனது தீமை நோக்கமற்றது எனக் கோல்ரிட்ஜ் கருதினார். எனினும், எதிர்பார்த்த பதவி காசியோவுக்குச் சென்றமையால் விளைந்த மனக்குமுறலை முதற்காட்சியிலேயே அவன் வெளியிடுகின்றான். நோக்கத்திலும் பார்க்க அவன் கையாளும் முறையே ஆராயத்தக்கது.

மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியில் அவன் எடுத்த எடுப்பில் எவர்மீதும் குற்றஞ் சுமத்துவதில்லை. வினவுகின்றான், தயங்குகின்றான், பொறாமைக்கு இடங்கொடுக்கலாகாதென எச்சரிக்கவுஞ் செய்கின்றான். டெஸ்டிமோனா தந்தையறியாது மணந்தாள் என்பது உண்மை. அவ்வுண்மையையே அவளுக்கெதிரான சான்றாக்குகின்றான். கறுப்பனொருவனை அவள் விரும்பியது சூனியத்தாலேயே எனத் தந்தை பிரபான்சியோ வழக்குரைத்த சமூகம் அது. தன் நிறத்தையும் வயதையும் எண்ணித் தளரும் ஒதெல்லோவின் உள்ளத்தில், கைக்குட்டை இயாகோவின் கைக்கு எட்டுமுன்னரே ஐயம் வேரூன்றிவிடுகின்றது.

அக்கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தவள் இயாகோவின் மனைவி எமிலியா. அது எங்கே எனத் தலைவி கேட்டபோது அவள் அறியேன் என்றாள். இறுதியில் உயிரையே விலையாகக் கொடுத்து உண்மையை உரைக்கின்றாள். ஆயினும் அதற்குள் டெஸ்டிமோனா கொலையுண்டுவிட்டாள். வஞ்சகனின் சொல்லோடு பிறர் மௌனமுஞ் சேர்ந்தே இவ்வவலத்தை நிறைவேற்றுகின்றது எனலாம்.