கழுவாயும் மறதியும்: ‘போஜாக் ஹார்ஸ்மேன்’ அசைவூட்டத் தொடரில் மன்னிப்பு என்னும் சிக்கல்

சிட்காம் எனப்படும் அமெரிக்கச் சூழல் நகைச்சுவைத் தொடர்களுக்கு எழுதப்படாத விதி ஒன்று உண்டு. ஒரு பகுதியில் எது நேர்ந்தாலும் அடுத்த பகுதி தொடங்கும்போது எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். அசைவூட்டத் தொடர்களில் இவ்விதி இன்னும் இறுக்கமானது. வரையப்பட்ட உருவங்களுக்கு மூப்பில்லை. 1989 டிசம்பரில் தொடங்கிய ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரின் பார்ட் இன்றும் பத்து வயதுச் சிறுவன். 1997இல் தொடங்கிய ‘சவுத் பார்க்’ தொடரின் முதற் பருவங்களில் கென்னி என்னும் சிறுவன் ஏறக்குறைய ஒவ்வொரு பகுதியிலும் இறந்தான். அடுத்த பகுதியில் உயிரோடு வந்தான். இறப்பே நிலைக்காத உலகில் குற்றம் மட்டும் எவ்வாறு நிலைக்கும்?

நெட்ஃப்ளிக்ஸ் தளத்தில் 2014 முதல் 2020 வரை ஆறு பருவங்களாக வெளிவந்த ‘போஜாக் ஹார்ஸ்மேன்’ இந்த விதியை மீறுவதிலேயே தன் பொருளைக் கண்டடைந்தது. இதனை உருவாக்கியவர் ராஃபேல் பாப்-வாக்ஸ்பெர்க். பாத்திரங்களின் தோற்றத்தை வடிவமைத்தவர் ஓவியர் லிசா ஹனவால்ட். தொண்ணூறுகளில் ‘ஹார்சின் அரௌண்ட்’ என்னும் குடும்ப நகைச்சுவைத் தொடரில் நடித்துப் புகழ்பெற்று, பின்னர் குடியிலும் தன்வெறுப்பிலும் காலங்கழிக்கும் ஒரு குதிரை நடிகனே இதன் நாயகன். புகழிழந்த நடிகனின் மனச்சோர்வைச் சித்திரிக்கும் தொடர் என்றே இது பெரும்பாலும் பாராட்டப்படுகிறது. அப்பாராட்டு தவறன்று, ஆனால் போதாது. வருந்துவதும் பொறுப்பேற்பதும் ஒன்றல்ல என்பதை இத்தொடர் படிப்படியாகக் காட்டிச் செல்கிறது என்பதும், மன்னிப்பை மறுக்கும் உரிமையை அது துன்புற்றவரிடமே விட்டுவைக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் விலங்குருவம் பற்றிச் சில சொற்கள். பஞ்சதந்திரத்திலும் ஈசாப் கதைகளிலும் விலங்கின் வடிவம் அதன் குணத்தை முன்கூட்டியே அறிவித்துவிடும். நரி என்றால் சூழ்ச்சி. இத்தொடரில் மனிதரும் விலங்குருவினரும் கலந்து வாழ்கின்றனர். மிஸ்டர் பீனட்பட்டர் என்னும் நாய் அஞ்சற்காரரைக் கண்டு குரைப்பதும், பிரின்சஸ் கரோலின் என்னும் பூனை எப்போதும் காலூன்றி நிற்பதும் நகைச்சுவைக்கு உதவுகின்றன. அறத்தேர்வை மட்டும் அவ்வடிவம் தீர்மானிப்பதில்லை. ஆகவே ‘என் இயல்பு இதுதான்’ என்று சொல்லித் தப்பிக்க நாயகனுக்கு வழியில்லை. அவனோ அதையே பலமுறை சொல்கிறான். தான் தேர்ந்தெடுத்தவற்றைத் தன் இயல்பாகக் கருதி ஒளிந்துகொள்வதை ழான் பால் சார்த்தர் தன்னேமாற்று என்று விளக்கினார். முதற் பருவத்தின் பதினொன்றாம் பகுதியில், தன் வாழ்க்கை வரலாற்றை எழுதும் டயான் நுவெனிடம், பலர் கூடிய அவையில், தான் அடிப்படையில் நல்லவன்தானே என்று போஜாக் கெஞ்சும் காட்சி இதற்குச் சான்று. டயான் வாய் திறப்பதில்லை.

நிலைத்துவிடும் வினை

தொடரின் மிக எளிய நகைச்சுவை ஒன்றிலிருந்து தொடங்கலாம். முதற் பருவத்தில் போஜாக் குடிபோதையில் ஹாலிவுட் மலைப்பலகையின் கடைசி எழுத்தைத் திருடிவிடுகிறான். வழக்கமான தொடரில் அடுத்த பகுதியிலேயே எழுத்து திரும்பியிருக்கும். இங்கே அது திரும்புவதில்லை. அன்றுமுதல் எல்லாரும் அவ்வூரை ‘ஹாலிவூ’ என்றே அழைக்கின்றனர். பின்னர் வரவிருக்கும் பெருங்குற்றங்களுக்கு இந்தச் சிறு கேலி ஓர் ஒத்திகை.

பெருங்குற்றங்களில் முதலாவது ஹெர்ப் கஸாஸுக்கு இழைக்கப்பட்டது. ‘ஹார்சின் அரௌண்ட்’ தொடரை உருவாக்கிப் போஜாக்கிற்கு வாழ்வளித்தவர் ஹெர்ப். அவர் தற்பாலீர்ப்பினர் என்பது வெளிப்பட்டதும் தொலைக்காட்சி நிறுவனம் அவரை நீக்கியது. நண்பனுக்குத் துணைநிற்பதாகச் சொல்லியிருந்த போஜாக் தன் வேலைக்கு அஞ்சி வாய்மூடி இருந்துவிட்டான். ஏறத்தாழ இருபதாண்டுகள் கழிந்தபின், புற்றுநோயால் இறக்கும் நிலையிலிருக்கும் ஹெர்ப்பின் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்கிறான். ஹெர்ப் மறுத்துவிடுகிறார். வேலை போனதைத் தாங்கிக்கொள்ள முடிந்ததென்றும், அப்போது தமக்கு வேண்டியிருந்தது ஒரு நண்பன் மட்டுமே என்றும் அவர் சொல்கிறார். சாகும் தறுவாயிலிருப்பவர் மன்னித்துக் கண்மூடுவது திரைக்கதைகளின் பழகிய சடங்கு. அதனை இத்தொடர் எட்டாம் பகுதியிலேயே உடைத்தெறிந்தது.

தமிழ் வாசகர்க்கு இவ்விடத்தில் புறநானூற்று 34ஆம் பாடல் நினைவுக்கு வருவது இயல்பு. கொடிய பிழைகளுக்கும் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி மறந்தோர்க்கு மட்டும் இல்லை என்று ஆலத்தூர் கிழார் அதில் வேறுபடுத்துகிறார். ஒப்பீட்டை நெடுந்தொலைவு இழுத்துச் செல்ல வேண்டியதில்லை. புரவலனுக்கும் புலவனுக்கும் இடையிலான நன்றி வேறு, இரு நண்பர்க்கிடையிலான நன்றி வேறு. ஆயினும், தன்னை உயர்த்தியவனைக் கைவிட்ட குற்றத்தை ஈடுசெய்ய வழி உண்டா என்னும் வினா இரண்டிலும் ஒன்றே.

ஹன்னா ஆரென்ட் 1958இல் வெளியிட்ட ‘மனித நிலை’ என்னும் நூல் இவ்வினாவிற்கு மெய்யியல் வடிவம் தருகிறது. மனிதச் செயலின் பெருங்குறை, அதைத் திரும்பப் பெற முடியாமை. அதற்கு மருந்து மன்னிப்பு. ஆனால் எவரும் தம்மைத் தாமே மன்னித்துக்கொள்ள இயலாது. மன்னிப்பு பிறரை வேண்டி நிற்கும் ஆற்றல். தண்டனையை மன்னிப்பின் எதிர்ப்பதமாக ஆரென்ட் கருதவில்லை. முடிவின்றித் தொடரக்கூடிய ஒன்றை முடித்துவைக்கும் மாற்றுவழியாகவே கண்டார். ஆறு பருவங்களிலும் போஜாக் தேடி அலைவது இவ்விரண்டில் ஏதேனும் ஒன்றை. இரண்டும் எளிதில் கிடைப்பதில்லை.

பதினேழு நிமிடங்கள்

மூன்றாம் பருவத்தின் இறுதியில் சாரா லின் இறக்கிறாள். பழைய தொடரில் போஜாக்கின் வளர்ப்பு மகளாக நடித்த குழந்தை நட்சத்திரம் அவள். ஒன்பது மாதங்களாகப் போதையைத் தொடாதிருந்தவளை அவனே மீண்டும் அழைத்துச் செல்கிறான். கோளரங்கின் இருளில் அவள் அவன்மீது சாய்ந்தபடி அசைவற்றுப் போகிறாள். பார்வையாளர் அழுகின்றனர், போஜாக்கிற்காகவும் சேர்த்தே. மூன்று பருவங்கள் கழித்து உண்மை வெளிவருகிறது. அப்போது அவள் உயிரோடுதான் இருந்தாள். தனக்குத் தொடர்பில்லை என்று காட்டிக்கொள்ளும் ஏற்பாட்டிற்காகப் போஜாக் 17 நிமிடங்கள் காத்திருந்து அதன்பின்னரே மருத்துவ ஊர்தியை அழைத்திருந்தான்.

இந்த 17 நிமிடங்களே தொடரின் அச்சு என்பேன். முன்பு நாம் சிந்திய கண்ணீரை அவை பின்னோக்கிச் சென்று திருத்துகின்றன. நாயகனின் துயரம் மெய்யானது. அத்துயரமே குற்றத்தை மறைக்கும் திரையாகவும் இருந்திருக்கிறது. பார்வையாளரும் அத்திரையை நெய்ய உதவியவர்கள்.

தொலைக்காட்சி நேர்காணல்கள் இதனை மேலும் கூர்மையாக்குகின்றன. முதல் நேர்காணலில் போஜாக் கண்கலங்கி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான், நாடு இரங்குகிறது. அந்த இரக்கத்தின் சுவை பிடித்துப்போய் இரண்டாவது நேர்காணலுக்கும் இசைகிறான். அதில் நேர்காண்பவர் நிகழ்ச்சிகளைத் தனித்தனியாகக் கேட்காமல் அவற்றுக்கிடையிலுள்ள ஒழுங்கைக் கேட்கிறார்: தன்னைவிட இளைய, தன்னைவிட வலுக்குறைந்த பெண்கள்மீது அவன் மீண்டும் மீண்டும் செலுத்திய அதிகாரம். ஒப்புதல் வாக்குமூலமும் ஒரு நடிப்பாகலாம், அதுவும் ஒரு போதையாகலாம் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய தொலைக்காட்சிப் படைப்புகள் மிகச் சில.

ஐந்தாம் பருவம் தன்னையே விசாரித்துக்கொள்ளும் பருவம். அதில் போஜாக் ‘ஃபில்பர்ட்’ என்னும் துப்பறியும் தொடரில் நடிக்கிறான். நாயகன் தீயவன், ஆனால் உள்ளுக்குள் வருந்துபவன். இத்தகைய கதை தீயவர்களுக்கு ஆறுதலளித்து அவர்களை அப்படியே இருக்கவிடுகிறது என்று டயான் சினம் கொள்கிறாள். அச்சினம் ‘போஜாக் ஹார்ஸ்மேன்’ தொடர்மீதே எறியப்பட்ட கல். அப்பருவத்தில் உடன் நடிக்கும் ஜீனாவின் கழுத்தைப் படப்பிடிப்பின்போது போஜாக் மாத்திரை மயக்கத்தில் நெரித்துவிடுகிறான். தான் எழுப்பிய நடிப்பு வாழ்வு ‘தாக்கப்பட்ட பெண்’ என்னும் அடையாளத்தில் புதைந்துவிடக் கூடாதென்று அதை மறைக்கும்படி கேட்பவள் ஜீனாவே. பொறுப்பேற்றல்கூடத் துன்புற்றவரைப் பலிகொள்ளலாம் என்னும் இச்சிக்கலுக்குத் தொடர் விடை சொல்லவில்லை. அவ்வாறு விட்டதே நேர்மை.

நேர்மை எல்லா இடத்திலும் இருந்தது என்று சொல்வதற்கில்லை. வியட்நாமிய-அமெரிக்கரான டயானுக்கு வெள்ளையரான அலிசன் பிரியே குரல் கொடுத்தார். இது பிழை என்பதைப் படைப்பாளரும் பிரியும் பின்னர் வெளிப்படையாக ஏற்றனர். பொறுப்பைப் பேசிய படைப்பு தன் பொறுப்பைக் காலந்தாழ்த்தி உணர்ந்தது.

மறந்தவளிடம் என்ன கேட்பது

நான்காம் பருவத்தின் பதினொன்றாம் பகுதி போஜாக்கின் தாய் பியாட்ரிஸின் நினைவுகளுக்குள் நிகழ்வது. மறதிநோய் அவளது நினைவைச் சிதைத்திருக்கிறது. அச்சிதைவைக் காட்ட அசைவூட்டக் கலை தனக்கே உரிய வழியைக் கையாள்கிறது. அவள் நினைவில் பிறர் முகங்கள் வெறுமையாக உள்ளன. தன் கணவனின் பிள்ளையைப் பெற்ற பணிப்பெண்ணின் முகம் கிறுக்கி அழிக்கப்பட்டிருக்கிறது. நடிகரின் முகத்தைக் கொண்டு இயங்கும் திரைப்படம் இதனை இத்தனை எளிதாகச் செய்துவிட முடியாது. அவளது தாய்க்கு மூளையில் செய்யப்பட்ட அறுவை, தீயிலிடப்பட்ட அவள் பொம்மை, கனவழிந்த திருமணம் ஆகியன அடுக்கடுக்காக வருகின்றன. கொடுமை மரபுவழி கைமாறி வந்ததை நாம் அறிகிறோம். அவ்வறிவு அவளுடைய கொடுமையை அழித்துவிடுவதில்லை.

அவளை வேண்டுமென்றே பாழான முதியோர் இல்லத்தில் சேர்த்துப் பழிதீர்க்க வந்தவன் போஜாக். தான் எங்கிருக்கிறேன் என்று அவள் கேட்கிறாள். மன்னிப்புக் கேட்கவோ தண்டனையை உணரவோ அவளால் இயலாது. ஆரென்ட் சொன்ன இரு வழிகளும் அடைபட்டுவிட்டன. அவன் அவளது குழந்தைப்பருவத்து மிச்சிகன் ஏரிக்கரை வீட்டை வருணிக்கத் தொடங்குகிறான். அங்கே பனிக்கூழ் இருப்பதாகச் சொல்கிறான். இது மன்னிப்பன்று. மன்னித்ததாகப் பின்னரும் அவன் சொல்வதில்லை. அடுத்த பருவத்தில் ஏறக்குறைய ஒரு முழுப் பகுதியும் அவன் தாய்க்காக ஆற்றும் கசந்த இரங்கலுரையாகவே அமைகிறது. மன்னிக்க முடியாத ஒருவரிடத்தும் பரிவு காட்டலாம் என்பது மட்டும் அந்த அறையில் நிகழ்கிறது.

போஜாக்கின் தந்தைவழித் தங்கை ஹாலிஹாக் அவனுக்கு எழுதிய கடிதம் இதன் மறுபக்கம். கடிதத்தின் ஒரு வரிகூட நமக்குக் காட்டப்படுவதில்லை. அவள் உறவை முறித்துக்கொண்டாள் என்பதை அவன் முகத்திலிருந்தே அறிகிறோம். காரணங்களைப் பார்வையாளருக்கு விளக்க அவள் கடமைப்பட்டவளல்லள்.

இறுதிப் பகுதியில் போஜாக் சிறையிலிருந்து விடுப்பில் வருகிறான். சட்டப்படி அவன்மீதான குற்றம் பிறர் வீட்டில் அத்துமீறி நுழைந்தது; தண்டனை மற்ற எல்லாவற்றுக்குமானது என்று அவனே கருதுகிறான். பிரின்சஸ் கரோலினின் திருமண விருந்தின்போது கூரைமேல் டயானும் அவனும் அருகருகே அமர்கின்றனர். அவன் சாவை நாடிய இரவில் அவளுக்கு விட்டுச்சென்ற குரற்செய்தி தன்னை எவ்வளவு வதைத்தது என்று அவள் சொல்லிவிடுகிறாள். அவனுக்கு நன்றியும் சொல்கிறாள். இனி அவர்கள் பேசிக்கொள்ளப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரிகிறது. எதையாவது பேச அவன் முயல்கிறான், பின் நிறுத்திக்கொள்கிறான். இருவரும் விண்மீன்களைப் பார்க்கின்றனர். எழுந்துபோக யாரும் முந்தவில்லை.