அழகு வென்றது, சீர்திருத்தம் தோற்றது

சீர்திருத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் பூரிப்பவர்கள் நாம். ஆனால், அப்பெயரில் வருவதையெல்லாம் உரசிப் பாராமல் ஏற்பது பகுத்தறிவாகாது. யாருக்காக இந்தத் திருத்தம்? எந்தச் சுமையை அது இறக்கிற்று? இவ்விரு கேள்விகளையும் கேட்டாக வேண்டும். 1937-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்த ‘பெஞ்ஞோ’ என்னும் அச்செழுத்தை இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்ப்போம்.

வரைந்தவர் ஏ. எம். கசாந்தர், ‘நார்மண்டி’ கப்பலுக்கு 1935-இல் சுவரொட்டி தீட்டிப் புகழ் பெற்ற ஓவியர். வார்த்தது டெபெர்னி–பெஞ்ஞோ வார்ப்பகம்; அதன் தலைவர் சார்ல் பெஞ்ஞோவின் குடும்பப் பெயரே எழுத்துக்கும் பெயராயிற்று. உரோமன் எழுத்தின் முனைகளில் வழக்கமாக நீண்டிருக்கும் சிறு கொடுக்குகள் இதில் இல்லை. ஆயினும், ஒரு கோடு தூண்போல் தடித்திருக்கும். மறு கோடு நாணல்போல் மெலிந்திருக்கும். தடிப்புக்கும் மெலிவுக்கும் உள்ள இந்த வேற்றுமையே அதன் கவர்ச்சி.

கசாந்தர் நாடியது கவர்ச்சி மட்டுமன்று. உரோமன் எழுத்தில் பேரெழுத்து, சிற்றெழுத்து என இரு வரிசை உண்டு. சிற்றெழுத்து, இறகு கொண்டு விரைந்தெழுதிய கையின் விளைவு. 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் சார்லமேனின் ஆட்சிக் காலத்தில் ஒழுங்குபெற்றுப் பரவி, பின்னர் அச்சுக்கும் வந்து சேர்ந்தது. கையின் பழக்கத்தை உலோகம் ஏன் சுமக்க வேண்டும் என்பது கசாந்தரின் வாதம். ஏ, ஈ, என், ஆர் போன்றவற்றின் சிற்றெழுத்து வடிவை நீக்கி, அவ்விடத்தில் பேரெழுத்தையே சிறிதாக்கி வைத்தார். பி, எல் போன்றவற்றில் மேலோங்கும் தண்டை விட்டுவைத்தார். இடைக்கால ஏடெழுதுவோரின் வடிவங்களையும் துணைக்கழைத்தார்.

கேள்வி நல்ல கேள்வி, துணிவுள்ள கேள்வி. பழையது என்பதாலேயே ஒன்று புனிதமாகிவிடாது என்பதில் நமக்கும் ஐயமில்லை. விடைதான் தன்னைத் தானே மறுக்கிறது. சிற்றெழுத்து பேனாவின் பிள்ளை என்று தள்ளினாரே, தடிப்பும் மெலிவும் யாருடைய பிள்ளைகள்? அகன்ற முனையைச் சாய்த்துப் பிடித்து எழுதும்போதல்லவா ஒரு திசையில் தடித்தும் மறு திசையில் மெலிந்தும் கோடு விழுகிறது? உரோமானியக் கல்வெட்டைச் சான்றுக்கு அழைக்கவும் வழியில்லை. அவ்வெழுத்துகள் முதலில் தூரிகையால் எழுதப்பட்டே பின் வெட்டப்பட்டன என்று, 1968-இல் வெளிவந்த தம் நூலில் எட்வர்ட் கேட்டிச் வாதிட்டார். ஆக, கையின் எச்சம் என்று கூறிப் படிப்போருக்குப் பயன்பட்டதை நீக்கினார் கசாந்தர். கையின் எச்சமேயான ஒப்பனையைப் போற்றி வைத்தார்!

பயன்பட்டது என்பது வெறும் பேச்சன்று. பேரெழுத்தாலேயே அச்சான பத்தியைப் படிக்கக் கூடுதல் நேரம் பிடிக்கிறது என்பதை மைல்ஸ் டிங்கரின் சோதனைகள் காட்டின. பழக்கமே அதற்குக் காரணம் என்பர் சிலர். இருக்கட்டும், பழக்கத்தை மாற்றச் சொல்பவர், மாறியபின் கிடைக்கும் ஆதாயத்தைக் காட்ட வேண்டாமா? பேரெழுத்தும் சிற்றெழுத்தும் ஓருருவானால் குழந்தையின் சுமை குறையும் என்பது உண்மையே. ஆனால், இங்கே சில மாறின, சில மாறவில்லை. ஏற்கெனவே அச்சான நூல்களைப் படிக்கப் பழைய வரிசை முழுவதையும் கற்றாக வேண்டும். சுமை கூடிற்றேயன்றிக் குறையவில்லை.

அதே பத்தாண்டில், 1935-இல், பெரியார் ‘குடி அரசு’ ஏட்டில் தொடங்கிய எழுத்துத் திருத்தத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியன தத்தமக்கெனத் தனி வடிவம் கொண்டிருந்தன. மற்ற எழுத்துகள் பெற்றிருந்த குறிகளையே அவர் இவற்றுக்கும் தந்தார். 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்றபோது மாறியவை 13 எழுத்துகளே. புதுக்குறி ஒன்றையும் கற்க வேண்டியதில்லை. அச்சுக்கோப்பவருக்கும் வேலை எளிதாயிற்று. இங்கே திருத்தம் படிப்பவரை நோக்கி நடந்தது. பாரிஸில் அது ஓவியரின் மேசையைவிட்டு இறங்கவில்லை.

ஆகவேதான் பெஞ்ஞோ நூல்களில் குடியேறவில்லை, தலைப்புகளில் குடியேறிற்று. 1970 முதல் 1977 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ‘மேரி டைலர் மூர்’ தொடரின் பெயர் அவ்வெழுத்தில்தான் ஒளிர்ந்தது. இரண்டு மூன்று சொற்கள், பெரிய அளவு, சுற்றிலும் வெற்றிடம்: அங்கே அது அரசி. சிற்றளவில் இட்டால் மெல்லிய கோடு மங்கும். கறுப்பின்மீது வெள்ளையாக அச்சிட்டால் பரவும் மை அதை விழுங்கும். மருந்துப் புட்டியின் சீட்டிலும் வழிகாட்டும் பலகையிலும் அதைப் பொறிப்பவர், படிப்பவரின் கண்ணுக்கு வரி விதிப்பவரே.

பெஞ்ஞோவின் எழிலை மறுப்பதற்கில்லை. எழில் வேண்டிய இடத்தில் அது வாழட்டும். ஆனால், ஓர் எழுத்தை அழகுபடுத்த ஒருவரின் கை போதும். அதைத் திருத்தப் புறப்படுபவர், படிக்கப்போகும் இலட்சக்கணக்கானோரின் கண்களை எண்ணியாக வேண்டும்.