குதிகாலுக்குக் காற்று மட்டும் போதுமா?

பாரிசவாதத்தால் படுத்தவருக்குப் படுக்கைப்புண் வருமென்று இடுப்புப் பக்கத்தை எல்லோரும் கவனிக்கிறார்கள், குதிகாலை மறந்துவிடுகிறார்கள். குதி எலும்பின் மேல் சதை மிகக் குறைவு. காலின் பாரம் அந்தச் சிறு இடத்தில் மணிக்கணக்காக இறங்கினால் தோலின் நுண்குழாய்கள் நசுங்கி இரத்தம் ஓடாது. சீனி வருத்தம் முற்றியவருக்கு வலிகூடத் தெரியாமல் போகலாம். ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் வெறுங்காலோடு மலையேறிக் காய்த்துக் கறுத்த குதிகளில் ஆரம்பச் சிவப்பும் எளிதில் கண்ணுக்குப் படாது. புறங்கையால் தொட்டுச் சூட்டையும் இறுக்கத்தையும் உணர வேண்டும்.

காற்றடைத்த கால்தாங்கியை நான் மதிப்பது ஒரே காரணத்துக்காக: அது கெண்டைக்காலைத் தாங்கி, குதியை எதிலும் படாமல் விடுகிறது. மோட்டார் வைத்த காற்று மெத்தைபோல மின்சாரம் கேட்பதில்லை. மடித்து வைத்த கம்பளி நோயாளி அசைந்ததும் விலகிவிடும். பட்டியால் கட்டிய தாங்கி அவ்வளவு எளிதில் விலகாது. வீட்டார் கொழுந்தெடுக்கப் போனபின் லயத்துக் காம்பராவில் தனியே கிடப்பவருக்கு இது சிறிய உதவியல்ல.

ஆனால் காற்று கசியும். குதி மெத்தையில் பட்டுவிட்டாலும் தாங்கி அதை மூடி மறைக்கிறது. மாட்டியாகிவிட்டது என்ற நிம்மதியில் யாரும் திறந்து பார்ப்பதில்லை. இதையே ஆகப் பெரிய குறையாகச் சொல்வேன். மலையும் தன் பங்குக்குக் குழப்புகிறது. பதுளை நகர் சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேல். பதுளை வைத்தியசாலையில் அளவாக ஊதிய காற்று, மேலே போகப்போக வெளியழுத்தம் குறைவதால் விரிந்து தாங்கியை விறைக்கச் செய்யும். இரவுக் குளிரில் சுருங்கும். வீட்டுக்குப் போனதும் மீண்டும் அளவு பார்க்காவிட்டால் வார்டில் பார்த்த அளவுக்கு மதிப்பில்லை. பிளாஸ்டிக்குக்குள் வியர்வை தேங்கித் தோல் ஊறும். பாதத்தை நிமிர்த்திப் பிடிக்காத வகையாயின் பாதம் தொங்கிப்போகும். கால் வெளிப்பக்கம் சாய்ந்தால் முழங்காலுக்குக் கீழே ஓடும் நரம்பும் நசுங்கலாம்.

காற்றுத்தாங்கிக்கு மலிவான மாற்றாகக் கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிக்கடியில் வைக்கும் பழக்கம் உண்டு. அதை விட்டுவிட வேண்டும். குதி அதன்மேல்தான் உட்காருகிறது. பாரம் எங்கும் போவதில்லை. படுக்கைப்புண் பற்றி 2014இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டியும் தண்ணீர்க் கையுறையையும் வளையங்களையும் வேண்டாம் என்றது. முழங்கால் சற்று மடங்க, கெண்டைக்கால் நெடுக வைத்த சாதாரணத் தலையணை அவற்றைவிட நல்லது. பகலில் ஆள் இருக்கும் வீட்டுக்கு அதுவே போதும்.

தனியே கிடப்பவருக்குத்தான் காற்றுத்தாங்கி தேவை. அவருக்குத்தான் அதைத் திறந்து பார்க்க ஆளும் இல்லை. ஆகவே வேலைக்குப் போகுமுன்னும் வந்தபின்னும் குதிக்கும் மெத்தைக்கும் இடையில் கையை நுழைத்துப் பார்க்க வீட்டாருக்குத் தமிழில் செய்து காட்டியே அனுப்ப வேண்டும். தோட்ட டிஸ்பென்சரிக்கும் அந்த நோயாளியைப் பற்றித் தகவல் போக வேண்டும். இவ்விரண்டும் நடக்காத இடத்தில் தாங்கியை மட்டும் கொடுத்தனுப்புவதை நான் ஆதரிக்கமாட்டேன்.