இளாவை யார் கேட்டார்கள்?

முத்தமிடுவது எப்படி என்று ஒரு பெண் ஆணுக்குச் சொல்லிக்கொடுக்கும் கவிதை நம் தஞ்சாவூரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில், மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த முத்துப்பழனி தெலுங்கில் இயற்றிய 'ராதிகா சாந்த்வனமு' அது. தான் வளர்த்த இளாவை ராதை கண்ணனுக்கு மணமுடித்து வைக்கிறாள். அவளை அவனிடம் அனுப்புமுன், உதட்டை எப்படித் தொட வேண்டும், பல் எங்கே அழுந்தக் கூடாது, எதில் அவசரப்படக் கூடாது என்று அவனுக்கு எடுத்துச் சொல்கிறாள்.

1910இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் இதை முழுமையாகப் பதிப்பித்தார். கந்துகூரி வீரேசலிங்கம் போன்ற சீர்திருத்தவாதிகளே ஆபாசம் என்றார்கள். ஆண் எழுதும்போது வராத கூச்சம் பெண் எழுதினால் மட்டும் ஏன் வருகிறது என்று நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டார். ஆங்கிலேய அரசு நூலைத் தடைசெய்தது. தடை நீங்கச் சுதந்திரக் காலம் வரை ஆயிற்று.

இந்த வரலாற்றைச் சொல்லி, 'என்ன துணிச்சல்!' என்று முடித்துவிடுவது நம் வழக்கம். நானும் பல ஆண்டுகள் வகுப்பில் அப்படித்தான் முடித்தேன். துணிச்சல் என்று சொல்லிவிட்டால் கவிதைக்குள் போக வேண்டிய வேலை மிச்சம்.

ஒருமுறை முதுகலை வகுப்பில் ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவர். "அம்மா, செருப்பு கடிக்குதான்னு போட்டவங்களத்தானே கேக்கணும்? அந்தப் பொண்ண யாருமே கேக்கலியே?"

உண்மைதான். ராதை கண்ணனுக்குச் சொல்கிறாள். எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இளாவுக்கும் சொல்கிறாள். இளா எதுவும் சொல்வதில்லை. அவள் அப்போதுதான் வயதுக்கு வந்தவள் என்பதையும் நாம் மென்று விழுங்கிவிடுகிறோம். ராதையின் அறிவு அவள் உடம்பு அனுபவித்துச் சேர்த்தது, பொய்யில்லை. ஆனால் ராதைக்குப் பிடித்தது இளாவுக்கும் பிடிக்கும் என்று யார் சொன்னது? முறை தெரிந்த ஆண் கிடைத்தால் போதும், பெண் வாய் திறக்க வேண்டியதில்லை என்பதைத்தான் இந்தப் பகுதி நம்பவைக்கிறது. கல்யாணத்துக்கு முந்தைய நாள் நம் பெரியம்மாக்கள் காதோடு சொல்வதும் ஏறக்குறைய இதுதான்: அவர் பார்த்துக்கொள்வார்.

ஆண்டாள் வேறு வகை. ஆசை முழுக்க அவளுடையது, இரவல் இல்லை. ஆனாலும் மாதவன் வாயின் சுவை எப்படி என்று நாச்சியார் திருமொழியில் அவள் கேட்பது சங்கிடம், அவனிடம் அல்ல.

முத்துப்பழனியை இதனால் கீழே இறக்கவில்லை. பிற்பகுதியில் ராதை தனக்காகவே பேசுகிறாள், கோபிக்கிறாள், அவன் வந்து சமாதானம் செய்யும்வரை விடுவதில்லை. கண்ணன் அவளை நினைத்து ஏங்கும் இடம் ஒன்று உண்டு: வேண்டாம் என்றாலும் கேட்காமல் அழுத்தி முத்தமிடுவாள் என்று ஆசையாகச் சொல்கிறான். பெண் முந்தும் இந்த இடத்தைக் கொண்டாடிக் கட்டுரை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. இப்போது அந்த 'வேண்டாம்' உறுத்துகிறது. அவன் புகழ்ச்சியாகச் சொல்கிறான், சரி. ஆண் எழுதிய கவிதையில் ஒரு பெண் இப்படிப் புகழ்ந்திருந்தால் விட்டிருப்போமா?

இதை வகுப்பில் கேட்டேன். பாதிப் பேர் சிரித்தார்கள். வீட்டில் தெலுங்கு பேசும் ஒருத்தி மட்டும், மூலத்தில் அந்தச் சொல் கெஞ்சலா மறுப்பா என்று படித்துப் பார்த்துச் சொல்வதாக நூலை வாங்கிப் போயிருக்கிறாள்.