நாவிதரும் மருத்துவரும்: கொங்குச் சிற்றூர் மருத்துவத்தொழிலை மீட்டறிவதில் சான்றுகளின் எல்லை

முன்னுரை

சேலம் மாவட்டம் ஆட்டையாம்பட்டி போன்றதோர் ஊரில் தம் பாட்டனாரின் தொழிலைத் தேடும் நாவிதர் குடியினர்க்கு இரு விடைகள் கிடைக்கக்கூடும். ஆவணம் 'நாவிதர்' எனும்; குடும்ப நினைவு 'வைத்தியர்' எனும். தமிழ்நாடு அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் மருத்துவர், நாவிதர், மங்களா முதலிய பெயர்களை ஒரே பதிவில் அடுக்குகிறது. இப்பெயர் ஒற்றுமை தொழிலுறவைக் காட்டுகிறதேயன்றி, அம்மருத்துவம் எத்தகையது என்பதைக் காட்டவில்லை. அதனை அறியச் சான்றுகளை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சொற்சான்று

'பரிகாரி' என்பதன் மரூஉவாகிய 'பரியாரி' யாழ்ப்பாணத்தில் நாட்டு வைத்தியரையும், தமிழகத் தென்மாவட்டங்களில் நாவிதரையும் குறிக்கும். 'பண்டிதர்' என்பது கற்றவர், வைத்தியர், நாவிதர் ஆகிய மூவர்க்கும் வழங்கியுள்ளது. 'மருத்துவச்சி' பேறு பார்ப்பவர் என்னும் பொருளில் நிலைத்தது. எனினும், ஒருவர் கட்டியைக் கீறினாரா, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டாரா, கசாயம் காய்ச்சினாரா என்பதை இச்சொற்களால் அறிய இயலாது.

கல்வெட்டுச் சான்று

நாவிதரே பண்டைய அறுவை மருத்துவர் என்னும் கூற்று பெருவழக்காக உள்ளது. திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலிலுள்ள 11ஆம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழன் கல்வெட்டு இக்கூற்றை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையின் பணியாளரை அது வரிசைப்படுத்துகிறது. மருத்துவர், சல்லியக்கிரியை செய்பவர், மருந்துச் சரக்குக் கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர், நாவிதர் ஆகியோர் அதில் தனித்தனியே இடம்பெறுகின்றனர். அறுவைக்கு ஒருவரும் நாவிதத்திற்கு ஒருவருமாக இருவர் குறிக்கப்படுவது கருதத்தக்கது. கோயில் சார்ந்த நிறுவனத்தில் இருந்த இப்பிரிவினை சிற்றூரிலும் இருந்திருக்க வேண்டுவதில்லை. தனி அறுவை மருத்துவர் இல்லாத ஊரில் கத்தி கையாள்பவரின் பணி விரிந்திருக்கலாம். ஆயின் இது ஊகமே. ஊர்தோறும் தனித்தனியே நிறுவப்பட வேண்டியது.

காலனியக் காலப் பதிவுகள்

எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல், அம்பட்டர் பகுதியில் ஆடவர் மருத்துவத்தையும் மகளிர் பேறு பார்ப்பதையும் குறிப்பிடுகிறது. சாதிவாரி அமைப்புடைய அந்நூலில் கைத்திறன் குலவழக்கமாகச் சுருங்குகிறது. அதனை யார், யாரிடம், எத்தனை காலம் கற்றனர் என்னும் வினாக்கள் எழுவதில்லை. 1914ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் மேலை மருத்துவத் தகுதியுடையோரைப் பதிவு செய்தது. உஸ்மான் குழு 1923இல் அளித்த அறிக்கை நாட்டு மருத்துவத்திற்காக வாதாடியது. எனினும் அதன் வினாநிரல் கோட்பாட்டையும் நூல்மரபையும் முன்னிறுத்தியது. 1926ஆம் ஆண்டுச் சட்டம் செவிலியரையும் பேறு பார்ப்போரையும் பதிவுமுறைக்குள் கொணர்ந்தது. ஏடு இன்றிக் கைவழியே கற்ற சிற்றூர் நாவிதர்க்கும் மருத்துவச்சிக்கும் இவற்றுள் எளிதில் இடமில்லை. எனவே பதிவேட்டில் பெயரின்மை தொழிலின்மைக்குச் சான்றாகாது.

வினாவை மாற்றுதல்

"உங்கள் பாட்டனார் வைத்தியரா?" என்னும் வினா பெருமையை விடையாகப் பெறும், தொழிலை விடையாகப் பெறாது. கட்டி உடைக்க யாரை அழைத்தனர், தொப்புள்கொடியை அறுத்தவர் யார், எக்கருவியால் அறுத்தார், புண்ணின்மேல் எதை வைத்துக் கட்டினர், அறுவடைக் களத்தில் அளந்த தவசம் எப்பணிக்கு உரியது என்பனவே கேட்கத்தக்கவை. அடைப்பத்தில் இருந்த கருவிகளை ஒவ்வொன்றாகப் பெயரும் பயனும் கூறச்செய்து பதிவதும் இன்றியமையாதது.

கொங்கு வேளாளர் திருமணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுபவர் குடிமகன் எனப்படும் நாவிதரே. சவரம், சடங்கு, பாட்டு, பண்டுவம் ஆகியன ஒரே குடியின் பொறுப்பில் இணைந்திருந்தன. இவற்றுள் பண்டுவத்தை மட்டும் பிரித்தெடுத்து 'எம் முன்னோர் மருத்துவர்' எனல் இழிவுக்கு எதிரான நியாயமான குரலே. ஆயினும் சவரத்தை மறைத்துப் பெறும் பெருமை, சவரம் இழிந்தது என்ற பழைய மதிப்பீட்டை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. இக்குரலை மதிக்கும் ஆய்வு இம்மறைப்புக்குத் துணைபோகலாகாது.

முடிவுரை

ஆடவரின் மருத்துவத்தைத் தேடும் ஆய்வுகள் பெண்களின் மருத்துவத்தைத் துணைச்செய்தியாகவே தருகின்றன. ஆனால் ஒவ்வொரு பிறப்பிலும் ஊரார் கண்முன் நிகழ்ந்ததும், அதற்கெனத் தனிப்பெயர் பெற்றதும் மருத்துவச்சியின் பணியே. அவர் கையில் பிறந்த முதியோர் இன்றும் சிற்றூர்களில் வாழ்கின்றனர். பாட்டனாரின் தொழிலை அறிய விழைவோர் முதலில் பாட்டியாரைப் பற்றி அவர்களிடம் வினவுதல் வேண்டும். அச்சான்று நெடுங்காலம் காத்திராது.