இரும்பு வளையாது என்று வைத்துக்கொண்டால்

கார்த்திகைப் பிரம்மோற்சவத்தின் எட்டாம் நாள் திருச்சானூரில் பத்மாவதித் தாயாரின் தேர் ஓடும். எல்லோர் கண்ணும் தாயார்மேல் இருக்க, பொறியாளர் கண் மட்டும் சக்கரத்துக்கடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கைமேல் போகும். அந்தக் கட்டை எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதைக் கணினியில், பொருளைச் சிறு துண்டுகளாய்ப் பிரித்துப் பார்க்கும் ஃபைனைட் எலிமென்ட் முறையில் கணக்கிட்டால் முதல் கேள்வியே சிக்கலானது: சக்கரத்தைத் திண்மப்பொருள், அதாவது கொஞ்சமும் வளையாதது, என்று வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளத் தூண்டும் காரணம் வலுவானது. வளையும் சக்கரத்துக்கு ஆயிரக்கணக்கான புள்ளிகளின் நகர்வைத் தேட வேண்டும். வளையாததற்கு மூன்று நகர்வு, மூன்று சுழற்சி, மொத்தம் ஆறே மாறிகள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் பொருத்தியதைப் போன்ற இரும்புச் சக்கரம் என்றால் அனுமானம் நியாயமும்கூட. இரும்பின் மீள்தன்மைக் கெழு, அதாவது வளையாமல் எதிர்க்கும் அளவு, சுமார் 200 ஜிகாபாஸ்கல். கட்டையின் மரத்துக்கு நாரின் திசையில் 10, நாருக்குக் குறுக்கே 1 என்ற அளவில்தான். ஹெர்ட்ஸ் 1882-இல் தந்த தொடர்புக் கோட்பாட்டில் இரண்டின் நெகிழ்வும் கூடித்தான் அழுத்தத்தைத் தீர்மானிக்கும். இரும்பின் பங்கை விட்டுவிட்டால் கூட்டு விறைப்பு குறுக்கே அரை சதவீதமும் நாரின் திசையில் 5 சதவீதமும் மிகும். சக்கரம் கட்டையைக் கோடாய்த் தொடுவதால் அழுத்தத்தில் பிழை அதில் பாதிதான். மரத்தின் தரமே கட்டைக்குக் கட்டை இதைவிட அதிகம் மாறும்.

சிலர் குறுக்குவழியில் போவார்கள்: திண்மப்பொருள் என்று அறிவிக்காமல், இரும்பின் கெழுவை 1,000 மடங்கு ஏற்றிவிடுவார்கள். இதை நான் ஏற்கமாட்டேன். நேரத்தைச் சிறு படிகளாய் வெட்டி முன்னேறும் வெளிப்படைக் காலப்படி முறையில், ஒலியலை ஒரு துண்டைக் கடக்கும் நேரத்தைவிடப் படி பெரிதாகக் கூடாது; அந்த அலையின் வேகமோ கெழுவின் வர்க்கமூலமாய் ஏறும். காலப்படி சுமார் 32-இல் ஒரு பங்காய்ச் சுருங்கும். வேலையைக் குறைக்கப் போட்ட பொய் வேலையைப் பெருக்கும். எல்லாச் சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்க்கும் மறைமுக முறையிலோ அவற்றின் எண்நிலைத்தன்மை கெடும்.

அதே துணிச்சலோடு திருப்பதி–ரேணிகுண்டா தண்டவாளத்துக்குப் போனால் அடி விழும். சக்கரமும் எஃகு, தண்டவாளமும் எஃகு. சக்கரத்தை வளையாதது என்றால் கூட்டு விறைப்பு இரட்டிக்கும். இங்கே தொடுவது கோடாயல்ல, புள்ளியாய் என்பதால் உச்ச அழுத்தம் 59 சதவீதம் கூடிக் காட்டும். தொடும் பரப்பு 37 சதவீதம் சுருங்கும். பெட்டி எப்படி ஆடுகிறது என்று பார்ப்பவருக்கு இது பெரிதில்லை. தண்டவாளத்தின் தலையில் விரிசல் எங்கே பிறக்கும் என்று தேடுபவருக்கு அந்த எண் குப்பை.

தேருக்கே திரும்பினாலும் எச்சரிக்கை தேவை. சக்கரம் வளையாதது என்பது சரி. சாலையையும் அப்படியே வைத்தால் தவறு. வெயிலில் இளகிய தார், சக்கரத்தடியில் அமுங்குகிறது. வடம் இழுப்பவர் தோளில் ஏறும் சுமையில் ஒரு பங்கு அந்த அமுங்கலால் வருவது. சாலையையும் வளையாததாய் இறுக்கிவிட்டால் கணினித்தேர் சொகுசாய் ஓடும்.

ஆக, எதை இறுக்கலாம் என்று பொருளின் பெயரைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. எதிரே தொடுவது அதைவிட எத்தனை மடங்கு இளகியது, விடை யாருக்கு வேண்டும் என்ற இரண்டும்தான் அளவுகோல். கட்டைக்கு விடை வேண்டுமா, சக்கரத்தை இறுக்குங்கள். நுண்ணிய மெஷ்ஷை, அதாவது சிறு துண்டுகளின் வலையை, கட்டையில் போடுங்கள். சக்கரத்தில் விரிசல் வருமா என்றால், இறுக்கிய சக்கரத்தில் தகைவே (உள்ளழுத்தமே) கணக்கிடப்படாது, கேட்டாலும் சொல்லாது.